கபாலாவை ஆய்வு நோக்கில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

யூத மறைஞான மரபான ‘கபாலா’வை இணையத்தில் தேடினால் கையில் கட்டும் சிவப்புக் கயிறு வரும், தேவதைகளின் பெயர்ப் பட்டியல் வரும், பிறந்த தேதிக்குப் பலன் சொல்லும் பக்கங்கள் வரும். அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டே போனால், எருசலேமில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பல்கலைக்கழகப் படிப்பு ஒருவழியாக எட்டிப்பார்க்கும். கைப்பிரதிகளை ஒப்பிடுவது, ஒரு நூல் எந்த ஊரில் எந்தக் காலத்தில் உருவானது என்று துப்புத் துலக்குவது, ஒரு கருத்து கைமாறும்போது எப்படி உருமாறியது என்று பின்தொடர்வது. இதுதான் அங்கே வேலை. யூத மறைஞானத்தை இப்படிப் படிக்க நீங்கள் யூதராக இருக்க வேண்டாம், பக்தராக இருக்க வேண்டாம், தொடங்கும்போது எபிரேயம்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும்.

ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். “கபாலா என்ன சொல்கிறதென்றால்...” என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தைக் கண்டாலும், எந்த நூல், எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று கேளுங்கள். கபாலா என்று ஒரே ஆள் எங்கும் உட்கார்ந்து பேசவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு ப்ரொவான்ஸில் ஒருவர் சொன்னதை, பதினாறாம் நூற்றாண்டு கலிலேயாவில் (இன்றைய வடக்கு இஸ்ரேல்) இன்னொருவர் தலைகீழாக்கியிருப்பார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கான பயிற்சிதான்.

முதல் படி: அலமாரியைப் பிரித்துவையுங்கள்

கபாலா என்ற தலைப்பில் வரும் புத்தகங்கள் பெரும்பாலும் மூன்று தரப்பிலிருந்து வருகின்றன. ஒன்று, மரபுக்குள் இருந்து எழுதும் ரப்பிகளும் (யூத மத ஆசான்கள்) குருமார்களும். இன்னொன்று, ஐரோப்பிய மாயவித்தைச் சங்கங்களின் வழிவந்தவர்கள். இவர்கள் டாரோ சீட்டுகளையும் ஜோதிடத்தையும் கபாலாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டார்கள். மூன்றாவது, ஆய்வாளர்கள். முதல் இரண்டும் குப்பை என்று சொல்ல வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் யெஹூதா அஷ்லாக், கபாலாவின் மிக முக்கிய நூலான ஜோஹருக்கு எழுதிய ‘ஸுலாம்’ உரை பக்தர்களுக்காக எழுதப்பட்டதுதான், ஆனால் ஜோஹரின் அரமேய மொழி தடுக்கும் இடத்தில் மற்றவர்களுக்கும் அது கைகொடுக்கும். எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. புத்தகத்தில் ஜோஹரைப் பற்றிய பக்கத்துக்குப் போங்கள். “இரண்டாம் நூற்றாண்டில் ரப்பி ஷிமோன் பார் யோஹாய் அருளியது” என்று மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் முடித்துவிட்டால் அது மரபு நூல். “பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி, ஸ்பெயினின் காஸ்தீல்” என்று வந்து, அடிக்குறிப்பில் கைப்பிரதி எண்ணும் நூலகத்தின் பெயரும் இருந்தால் ஆய்வு நூல். பண்டைய எகிப்து ஞானம், அட்லாண்டிஸ் என்று போனால் மூடி வைத்துவிடுங்கள்.

நாற்பது வயதுக்கு முன்னால் கபாலாவைத் தொடக்கூடாது என்ற விதியையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஊர் பேர் தெரியாத ரகசியக் கட்டளை மாதிரி அது சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன கேள்வியை இதனிடமும் கேளுங்கள். 1756-இல் கிழக்கு ஐரோப்பாவின் ப்ரோடி நகரில் ரப்பிகள் கூடி, முப்பது வயதுக்கு முன் ஜோஹரும் நாற்பதுக்கு முன் பதினாறாம் நூற்றாண்டு ஞானி ஐசக் லூரியாவின் போதனைகளும் படிக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். ஜேக்கப் ஃபிராங்க் என்பவரின் பின்னால் திரண்ட கலகக் கூட்டத்தைக் கண்டு பயந்து செய்த ஏற்பாடு அது. அந்த லூரியாவே முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனவர்.

இரண்டாம் படி: ஒரு தாளில் காலக்கோடு

புத்தகம் எதையும் முழுதாகப் படிப்பதற்கு முன், ஒரு தாளில் கோடு போட்டு ஏழெட்டு நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படிக்கும் ஒவ்வொன்றையும் அதில் எங்காவது கொண்டுபோய் வைக்க முடிய வேண்டும்.

கோட்டின் இடது முனையில் ஹேகலோத் நூல்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசி முதல் அதிகாரத்தில் கண்ட தேர்தான் இவற்றுக்கு விதை. ஏழு அரண்மனைகளைக் கடந்து இறைவனின் அரியணை வரை போகிற பயணங்கள், வாசலுக்கு வாசல் காவல் நிற்கும் தூதர்கள், அவர்களிடம் காட்டவேண்டிய முத்திரைகள். இவற்றின் காலம் பற்றி இன்னும் அடிதடி நடக்கிறது. அதன் பக்கத்தில் ‘ஸேஃபர் யெத்ஸிரா’ என்ற குட்டி நூல். 22 எழுத்துகளையும் பத்து ஸெஃபிரோத்தையும் கூட்டி, 32 வழிகளில் உலகம் படைக்கப்பட்டது என்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நூலின் ஸெஃபிரோத்தும் பிற்காலக் கபாலாவின் ஸெஃபிரோத்தும் ஒன்றில்லை. இங்கே அவை எண்களுக்கு நெருக்கமான ஏதோ ஒன்று. இறைவனுக்குள்ளேயே இயங்கும் பத்து ஆற்றல்களாக அவை மாறுவது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

அந்த மாற்றம் தெளிவாகத் தெரியும் முதல் இடம் ‘பாஹிர்’, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி, தெற்கு ஃபிரான்ஸின் ப்ரொவான்ஸ். அங்கிருந்து பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினின் ஜெரோனா. யூதச் சட்டத் தொகுப்பான தால்முத்தில் மேதையாக எல்லோரும் மதித்த நஹ்மனிதெஸ் (1194–1270) கபாலாவையும் கையிலெடுத்ததால் அதற்கு ஒரு கௌரவம் கிடைத்தது. பிறகு காஸ்தீலில் ஜோஹர். அதே காலத்தில் ஆபிரகாம் அபுலாஃபியா என்ற இன்னொருவர், எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்துத் தியானிக்கும் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். 1280-இல் போப்பைச் சந்தித்தே தீருவேன் என்று இவர் கிளம்பிப் போக, இவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் போப் மூன்றாம் நிக்கோலஸ் இறந்துவிட்டார். இவரைப் பிடித்துச் சில வாரம் அடைத்துவைத்து, அப்புறம் விட்டுவிட்டார்கள்.

1492, ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றம். இதை அழுத்தமாகக் குறியுங்கள், பின்னால் ஒரு பெரிய விவாதம் இதைச் சுற்றித்தான். பதினாறாம் நூற்றாண்டில் கலிலேய மலையூரான ஸஃபேத். அங்கே மோசே கொர்தொவேரோ (1522–1570) பழைய கபாலா முழுவதையும் வரிசைப்படுத்தினார். ஐசக் லூரியா (1534–1572) 1570-இல் வந்து சேர்ந்து, இரண்டே ஆண்டில் கொள்ளைநோயில் போய்விட்டார். அந்த இரண்டு ஆண்டுப் பேச்சுதான் கபாலாவையே மாற்றிப்போட்டது. இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு படைப்புக்கு இடம் விட்டது, ஒளி தாங்காமல் கலங்கள் உடைந்தது, சிதறிய பொறிகளை மனிதர்கள் மீட்டுச் சேர்ப்பது என்ற கதை இவருடையது. லூரியா தானாக எழுதியது மிகச் சொற்பம். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீடர் ஹயிம் விதால் எழுதிவைத்தது. எனவே “லூரியா சொன்னார்” என்று படிக்கும்போதெல்லாம் “என்று விதால் சொல்கிறார்” என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து 1665–66. ஸ்மிர்னாவின் ஷப்தாய் ஸ்வியை மேசியா (மீட்பர்) என்று காஸாவின் நாத்தான் அறிவிக்க, ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதச் சமூகங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. 1666 செப்டம்பரில் சுல்தான் முன்னிலையில் அந்த மேசியா இஸ்லாத்தை ஏற்றார். கடைசியாகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கிழக்கு ஐரோப்பிய ஹஸிதிய பக்தி இயக்கம், அதன் மூலவராகக் கருதப்படும் பால் ஷெம் தோவ் (இறப்பு 1760). இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

நம் பக்கத்திலேயே ஒரு புள்ளி உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் நெகேமியா மோத்தா என்பவரின் கல்லறை இருக்கிறது. யூத நாட்காட்டிப்படி 5376-ஆம் ஆண்டு, அதாவது 1615-இன் இறுதியில் இறந்தவர். கல்வெட்டு அவரைப் புகழ்பெற்ற கபாலா ஞானி என்று சொல்கிறது. காலக்கோட்டில் ஓரமாக அவருக்கும் ஒரு இடம் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது

நீச்சல் தெரியுமா என்று பார்க்க, ஜோசப் டான் (Joseph Dan) எழுதி ஆக்ஸ்ஃபோர்டு 2006-இல் வெளியிட்ட மிகச் சிறு அறிமுக நூல் போதும். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். அதன் பிறகு நேராக கெர்ஷோம் ஷோலெமிடம் போய்விடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

ஷோலெம் (1897–1982) பெர்லினில் மதப் பற்று குறைந்த ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, கணிதம் படித்து, பாஹிர் பற்றிய ஆய்வுக்கு ம்யூனிக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, 1923-இல் எருசலேமுக்குக் குடிபெயர்ந்தவர். அவர் இறங்கிய காலத்தில் படித்த யூதர்களுக்கே கபாலா என்றால் முகச்சுளிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் கிரேட்ஸ் ஜோஹரை ஒரு மோசடியாகவே பார்த்தார். ஷோலெம் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். பெர்லினில் கபாலா நூல்களைச் சேர்த்துவைத்திருந்த பிலிப் ப்ளோக் என்ற முதிய அறிஞரைப் பார்க்கப் போயிருக்கிறார் இளைஞர் ஷோலெம். இத்தனையும் படித்திருக்கிறீர்களே என்று வியந்தால், இந்தக் குப்பையை நான் படிக்க வேறு வேண்டுமா என்று அவர் கேட்டாராம்.

எடுக்கவேண்டிய நூல் ‘மேஜர் ட்ரெண்ட்ஸ் இன் ஜூவிஷ் மிஸ்டிசிசம்’. 1938-இல் நியூயார்க்கில் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்து 1941-இல் வந்தது, ஒன்பது அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நிறைய இருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது மறைஞானம் என்றால் என்ன என்ற பொதுப்பேச்சு, கனமாகப் போகும். ஐந்தாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். ஜோஹரை எழுதியது யார் என்ற விசாரணை அது, துப்பறியும் கதையின் வேகத்தில் போகும். பிறகு ஆறு, ஏழு, எட்டு என்று லூரியா, ஷப்தாய் ஸ்வி வரை. முதல் அத்தியாயத்தைக் கடைசியில் படித்தால்தான் அவர் எதற்கு அவ்வளவு சுற்றுகிறார் என்று புரியும்.

நான்காம் படி: ஜோஹர் வழக்கைப் பின்தொடருங்கள்

இந்தத் துறை எப்படி யோசிக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

ஜோஹர் தன்னை இரண்டாம் நூற்றாண்டு கலிலேயாவில் நிறுத்திக்கொள்கிறது. ரப்பி ஷிமோனும் தோழர்களும் நடந்துகொண்டே தோராவுக்கு (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் அந்த நூல் வெளியே தெரிய வருவது 1280-களுக்குப் பிறகு, ஸ்பெயினில், மோசே தெ லியோன் என்பவர் கையிலிருந்து. ஆக்கோவின் ஐசக் என்ற ஞானி இதை விசாரிக்கவே ஸ்பெயினுக்கு வருகிறார். மோசேயைச் சந்திக்கிறார். பழைய மூலப்பிரதி ஆவிலாவில் என் வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று மோசே சத்தியம் செய்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், 1305-இல், இறந்துவிடுகிறார். ஐசக்கின் காதுக்கு அடுத்து ஒரு செய்தி வருகிறது. ஒரு செல்வந்தர், அந்தப் பிரதியைத் தந்தால் உன் மகளை என் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று மோசேயின் விதவைக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு பிரதியே கிடையாது, என் கணவர் தன் தலையிலிருந்துதான் எழுதினார் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். உங்கள் பெயரிலேயே எழுதலாமே என்று தான் கேட்டதற்கு, என் பெயரில் எழுதினால் யார் மதிப்பார்கள், காசும் வராது என்று அவர் சொன்னதாகவும் கூடுதல் தகவல்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது செவிவழிச் செய்தி, அதுவும் பிற்கால வரலாற்று நூல் ஒன்றில் மேற்கோளாகப் பாதியில் நின்றுபோன வடிவில் கிடைப்பது. ஷோலெமே 1925-இல் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, மோசேதான் எழுதினார் என்பதை ஏற்கவில்லை. பின்னர் நூலின் மொழியையும் மேற்கோள்களையும் ஆண்டுக்கணக்கில் அலசிப் பார்த்துத்தான் கட்சி மாறினார். அவர் கண்டுபிடித்த தடயங்களில் எனக்குப் பிடித்தது கப்பதோக்கியா. ஆசியா மைனரில் உள்ள இந்தப் பெரிய நிலப்பகுதி, ஜோஹரில் கலிலேயாவில் ஒரு கிராமமாக வருகிறது. ஸெப்போரிஸ் என்ற கலிலேய ஊரில் குடியிருந்த கப்பதோக்கியர்களைப் பற்றிய ஒரு பழைய தால்முத் குறிப்பைத் தப்பாக வாசித்தால்தான் இந்தக் குழப்பம் வரும். கலிலேயாவில் நடந்து திரிந்த ஒருவருக்கு இது வராது. தொலைவில், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியவருக்குத்தான் வரும்.

வழக்கு அங்கே முடியவில்லை. யெஹூதா லீபெஸ் இது ஒருவர் வேலையில்லை, காஸ்தீலில் இருந்த ஒரு குழுவின் வேலை என்றார். தானியேல் ஏப்ரம்ஸ் இன்னும் ஒரு படி போய், ‘ஜோஹர்’ என்று கட்டுக்கோப்பான ஒரு புத்தகம் ஆரம்பத்தில் இருந்ததா என்றே கேட்டார். சிதறிக் கிடந்த பகுதிகளைப் படியெடுத்தவர்களும், 1558 முதல் இத்தாலியின் மான்துவாவிலும் கிரெமோனாவிலும் அச்சிட்டவர்களும்தான் அதை ஒரு நூலாக்கினார்கள் என்பது அவர் வாதம்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அகத்தியர் பெயரில் எத்தனை நூற்றாண்டுச் சுவடிகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். பழைய பெயரில் எழுதுவதை உடனே பித்தலாட்டம் என்று தள்ளாமல், அந்தப் பெயர் எழுதியவருக்கு என்ன சுதந்திரத்தைக் கொடுத்தது என்று யோசிக்கும் பழக்கம் இங்கே ரொம்பவே உதவும்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு பத்தி, மெதுவாக

சரி, இப்போது மூல நூல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004 முதல் 2017 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட, ஜோஹரின் ஆங்கில மொழிபெயர்ப்பான ப்ரிட்ஸ்கர் பதிப்பில் முதல் தொகுதியை எடுங்கள். முதல் ஒன்பதை மொழிபெயர்த்தவர் தானியேல் மாட். கடைசி மூன்றை நாத்தன் வோல்ஸ்கியும் ஜோயல் ஹெக்கரும் முடித்தார்கள். அடிக்குறிப்பு மூலத்தைவிட நீளமாக இருக்கும். குறிப்புகளைத் தாண்டிப் போனால் ஒன்றும் பிடிபடாது.

முதல் பக்கத்திலேயே ரப்பி ஹிஸ்கியா, உன்னதப்பாட்டு 2:2-இல் முட்களுக்கு நடுவே இருக்கும் மலரைப் பற்றிப் பேசுகிறார். அந்த மலர் இஸ்ரவேல் சபை. மலரில் சிவப்பும் வெள்ளையும் இருப்பதுபோல அவளிடம் தண்டனையும் கருணையும். மலருக்குப் பதின்மூன்று இதழ், அவளைச் சூழ்ந்து கருணையின் பதின்மூன்று குணங்கள். பிறகு திடீரென்று ஆதியாகமத்துக்குத் தாவி, ‘எலோஹிம்’ என்ற பெயர் முதலில் வந்ததும் பதின்மூன்று சொற்களைப் பிறப்பித்தது, இரண்டாம் தடவை வந்ததும் ஐந்து இலைகளைப் பிறப்பித்தது என்கிறார்.

முதலில் இது வெறும் கற்பனை விளையாட்டாகத் தெரியும். தாளை எடுத்து எண்ணிப்பாருங்கள். எபிரேயத்தில் ஆதியாகமத்தின் முதல் எலோஹிமுக்கு அடுத்து வருபவை: ஏத், ஹஷாமாயிம், வெஏத், ஹாஆரெத்ஸ், வெஹாஆரெத்ஸ், ஹாயெதா, தோஹு, வாவோஹு, வெஹோஷெக், அல், பெனேய், தெஹோம், வெரூவாஹ். சரியாகப் பதின்மூன்று. அப்புறம் எலோஹிம். அடுத்து மெராஹெஃபெத், அல், பெனேய், ஹம்மாயிம், வய்யோமெர். ஐந்து. மறுபடி எலோஹிம். தமிழ் பைபிளில் எண்ணினால் இந்தக் கணக்கு வராது.

இப்போது கேள்விகளை அடுக்குங்கள். கருணைக் குணங்கள் ஏன் பதின்மூன்று? யாத்திராகமம் 34:6–7-ஐ ரப்பிகள் அப்படி எண்ணுவது ஜோஹருக்கு ரொம்ப முந்திய வழக்கம். இஸ்ரவேல் சபை என்றால் மக்கள் கூட்டம்தானா? பழைய நூல்களில் ஆம். ஜோஹரில் அது கூடவே பத்தாவது ஸெஃபிராவான (ஸெஃபிரோத்தின் ஒருமை) ஷெகினாவையும், இறைவனின் பெண் பக்கத்தையும் குறிக்கிறது. சிவப்பும் வெள்ளையும் இடப்பக்கத்துக் கண்டிப்பையும் வலப்பக்கத்து அன்பையும் காட்டுகின்றன. இத்தனையும் சொல்கிற பத்தியில் ‘ஸெஃபிரா’ என்ற பேச்சே இல்லை. ஜோஹர் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டு மலர், நதி, மாளிகை, ராணி என்றுதான் பேசும். அதனால் கேதெர் முதல், ஷெகினாவின் இன்னொரு பெயரான மல்கூத் வரை பத்து பெயர்களையும் கிளைபோட்ட வரைபடமாகக் கையால் ஒருமுறை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம்தான் நூல் என்று நினைத்துவிடாதீர்கள். மலரை ‘மல்கூத்’ என்று மாற்றி எழுதியதோடு வேலை முடிந்தது என்று நிறுத்துகிறவர்கள் பாதிப் புத்தகத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். எழுதியவருக்கு மலரும் வேண்டியிருந்திருக்கிறது.

ஒரு மாலைக்கு இப்படி ஒரு பத்தி போதும். பத்துப் பக்கம் ஓடினால் எதுவும் தங்காது.

ஆறாம் படி: மொழி

மேலே எண்ணிப் பார்த்ததிலிருந்தே தெரிந்திருக்கும், எபிரேயம் இல்லாமல் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. மொழிபெயர்ப்பை வைத்து வரலாற்றையும் விவாதங்களையும் நன்றாகவே பின்தொடரலாம். சொந்தமாக ஒரு வாதம் வைக்க வேண்டுமென்றால் மூலம் வேண்டும். அதோடு, இருபதாம் நூற்றாண்டு ஆய்வில் பெரும்பகுதி எபிரேயத்திலேயே எழுதப்பட்டு அங்கேயே தங்கிவிட்டது.

பைபிள் எபிரேயத்தில் தொடங்குங்கள். நம் ஊர் கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகளில் அதைக் கற்பிக்கிறார்கள், தெரிந்தவர்கள் கிடைப்பது நினைப்பதைவிட எளிது. 22 எழுத்து, உயிர்க்குறிகள், வினையின் அமைப்பு. அது பிடிபட்டதும் இடைக்கால ரப்பிகளின் எபிரேயம், அதன் பிறகு அரமேயம். ஜோஹரின் அரமேயம் யாரும் வீட்டில் பேசிய மொழி இல்லை. தால்முத்திலிருந்தும் பைபிளின் அரமேய மொழிபெயர்ப்புகளிலிருந்தும் எடுத்து, எபிரேயச் சாயலோடு கட்டியது. அதனால் இலக்கணப் புத்தகத்தில் இல்லாத வடிவங்களைப் பார்த்து மிரள வேண்டாம். பழைய அச்சு நூல்களில் ‘ராஷி எழுத்து’ என்ற வேறொரு எழுத்துவடிவம் வரும். பழகிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

படிக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஸெஃபாரியா தளத்தில் ஜோஹர் உட்பட மூல நூல்கள் இலவசம். எபிரேய அச்சு நூல்களின் படங்களுக்கு ஹீப்ரூபுக்ஸ். உலகெங்கும் உள்ள எபிரேயக் கைப்பிரதிகளின் படங்களை இஸ்ரேல் தேசிய நூலகம் ‘க்தீவ்’ என்ற தளத்தில் ஒன்றாகச் சேர்த்துவருகிறது. மாட் தன் மொழிபெயர்ப்புக்காகக் கைப்பிரதிகளிலிருந்து உருவாக்கிய அரமேய மூலத்தையும் ஸ்டான்ஃபோர்டு பதிப்பகம் தன் தளத்தில் தந்திருக்கிறது. ஷோலெமின் சொந்த நூலகமும் அதே தேசிய நூலகத்தில் தனி வாசகசாலையாக இருக்கிறது. எருசலேம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: ஷோலெமோடு மோதியவர்களைப் படியுங்கள்

ஷோலெமை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் 1941-இலேயே நின்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்து எடுக்கவேண்டியது மோஷே இடெலின் ‘கபாலா: நியூ பெர்ஸ்பெக்டிவ்ஸ்’, 1988. ஷோலெம் கருத்துகளின் வரலாற்றிலேயே நின்றுவிட்டார், கபாலா ஞானிகள் உண்மையில் என்ன செய்தார்கள், எப்படித் தியானித்தார்கள், எதை அனுபவித்தார்கள் என்பதை ஒதுக்கிவிட்டார் என்றார் இடெல். அபுலாஃபியாவின் பரவச வழியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான்.

1492-ஐ அழுத்திக் குறிக்கச் சொன்னேன் இல்லையா? ஷோலெமின் பெரிய கதை இப்படிப் போகும்: வெளியேற்றத்தின் காயம்தான் லூரியாவின் போதனையில் இறைவனே நாடுகடந்துபோகும் கதையாக வடிவெடுத்தது. அந்தப் போதனை எங்கும் பரவி மீட்பரை எதிர்பார்க்க வைத்ததால்தான் ஷப்தாய் ஸ்வியின் பின்னால் ஒரு உலகமே போனது. அழகான சங்கிலி. லூரியாவின் போதனை 1665-க்கு முன் சாதாரண மக்களிடம் அப்படியொன்றும் பரவியிருக்கவில்லை, ஒரு சிறு கூட்டத்துக்குள்தான் இருந்தது என்று இடெல் அதன் நடுக்கண்ணியைக் கழற்றிவிட்டார். இந்த இடத்தில் நான் இடெல் கட்சி. ஆனாலும் ஷப்தாய் ஸ்வி பற்றிய ஷோலெமின் பெரிய நூலை அதற்காக விட்டுவிடாதீர்கள், மனித மனம் ஏமாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று அதைவிட நன்றாகக் காட்டிய வரலாற்று நூல் குறைவு.

மற்றவர்களை உங்கள் ஆர்வத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். ஹேகலோத் பக்கம் போகிறவர்களுக்கு பேட்டர் ஷேஃபர் 1981-இல் ஏழு கைப்பிரதிகளை அருகருகே அச்சிட்ட பதிப்பு தவிர்க்க முடியாதது. அதைப் பார்த்தபின் ‘இந்த நூலின் மூலபாடம்’ என்று பேசவே வாய் தயங்கும், அவ்வளவு வேறுபாடு. ஷெகினாவைப் பெண்மையின் கொண்டாட்டமாகப் பார்க்கிறவர்கள் எலியட் வூல்ஃப்சனை ஒருமுறை படித்தாக வேண்டும். அந்தப் பெண்ணுருவைக் கற்பனை செய்தவர்கள் ஆண்கள், அவள் கடைசியில் ஆணுக்குள்தான் கரைகிறாள் என்பது அவர் வாதம். நடை கடினம், வாதத்தை விடவும் முடியாது. போவாஸ் ஹுஸ் இன்னும் அடியில் கை வைக்கிறார். ‘யூத மறைஞானம்’ என்ற வகையே நவீன காலத்தில் உருவாக்கிய பெட்டி, அதற்குள் இருப்பவர்கள் தங்களை அப்படி நினைத்ததில்லை என்கிறார். பதினாறாம் நூற்றாண்டு முதல் இன்று வரையிலான வரலாறு ஒரே நூலில் வேண்டுமென்றால் ஜோனத்தன் கார்ப் 2020-இல் எழுதியதை எடுங்கள்.

ஒப்பிடும் ஆசை வந்தால்

வரும். பத்து ஸெஃபிரோத்தை வரைந்த மறுநிமிடமே ஆறு ஆதாரச் சக்கரங்கள் நினைவுக்கு வரும், ஷெகினா என்றால் சக்தி என்று எழுதத் தோன்றும், மனித உடலில் இறைவனின் வரைபடம் என்றதும் திருமந்திரம் கண்முன் நிற்கும். குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், தப்பில்லை. அதைக் கட்டுரையாக்குவதைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு நூலையாவது மூலத்தில் படித்தவர் செய்யும் ஒப்பீடு ஒரு ரகம், இரண்டு வரைபடங்களை அருகருகே ஒட்டிவைப்பது இன்னொரு ரகம். ஒற்றுமையைவிட வேற்றுமைதான் கூடுதலாகச் சொல்லித்தரும். ஜோஹரின் ஞானிகள் எவ்வளவு உயரப் பறந்தாலும் ஓய்வுநாள் விதியையும் உணவு விதியையும் விடமாட்டார்கள். அவர்களுக்குக் கட்டளையை நிறைவேற்றுவதே மேலுலகை அசைக்கும் செயல். சடங்கைக் கேலி செய்யும் சிவவாக்கியரோடு அவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

எட்டாம் படி: முதல் கட்டுரை

படித்ததை எழுதிப் பார்க்காமல் இந்தத் துறையில் எதுவும் நிலைக்காது. தலைப்பைச் சின்னதாக எடுங்கள். ‘கபாலாவில் பெண்மை’ வேண்டாம், அது ஆயுள் வேலை. ‘ஜோஹரின் முதல் பக்கத்து மலருக்கு மாட் தரும் குறிப்புகளில் எவை ஜோஹருக்கு முந்திய நூல்களிலிருந்து வருகின்றன’ என்பது போதும், அதற்கே ஒரு மாதம் வேலை இருக்கும். ஷோலெம் எழுதிய மேற்கோள் ஒன்றை எடுத்து, மூலத்தில் அது எந்தச் சூழலில் வருகிறது என்று தேடிப்போவதும் நல்ல பயிற்சி. எழுதியதைச் சரிபார்க்க, 1996 முதல் வரும் ‘கபாலா’ ஆய்விதழில் அதே பகுதியைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு கண் போடுங்கள்.

மேற்கோள் காட்டும் முறையையும் ஆரம்பத்திலேயே சரியாகப் பழகிவிடுங்கள். ஜோஹரை மான்துவா அச்சுப்பதிப்பின் மூன்று தொகுதிக் கணக்கில்தான் குறிப்பார்கள்: முதலில் தொகுதி, அடுத்து ஏட்டின் எண், அப்புறம் முன்பக்கமா பின்பக்கமா. மலர்ப் பத்தி முதல் தொகுதி, முதல் ஏடு, முன்பக்கம். ஆதியாகமம் முதல் தொகுதியில், யாத்திராகமம் இரண்டில், மீதி மூன்று ஆகமங்களும் மூன்றில். ஜோஹரோடு சேர்த்தே எண்ணப்படும் ‘திக்குனேய் ஜோஹர்’, ‘ஜோஹர் ஹதாஷ்’ இரண்டும் தனி அச்சு நூல்கள், அவற்றுக்கு ஏட்டெண் வேறு. திக்குனேய் ஜோஹரை எழுதியவர் ஜோஹரின் முக்கியப் பகுதியை எழுதியவரில்லை, கொஞ்சம் பின்னால் வந்த வேறொருவர் என்பதே ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. இணையத்தில் ‘ஜோஹர் சொல்கிறது’ என்று சுற்றும் வரிகளைத் தேடிப் பார்க்கும்போது, முதலில் இந்த மூன்றில் எதில் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் மூன்றிலுமே இருக்காது.